கடல் காற்றாலைக்கு அடித்தளம் இறக்கும் கப்பல்களும் கருவிகளும்: குமரிக்கரையில் கேட்கப்படும் கேள்விகள்

காற்றாலை நமக்குப் புதிதல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றை நம்பி முப்பந்தலில் 1980-களிலேயே காற்றாலைகளை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். கடலுக்குள்ளும் காற்றாலை வரும் என்ற பேச்சு எழுந்த பிறகு, சின்னமுட்டத்திலிருந்து நீரோடி வரை ஊருக்கு ஊர் கேள்விகள் எழுகின்றன. பெரும்பாலான கேள்விகள் மேலே சுற்றும் இறக்கையைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் இருக்கின்றன. ஆனால் கடல் தரையைத் தொடுபவை அடித்தளமும் கேபிளும்தான். சத்தம், கலங்கல், கப்பல் நடமாட்டம், வலைக்கு வரும் இடைஞ்சல் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. எந்தத் தரையில், எந்த மாதத்தில், எந்தக் கருவியால் அடித்தளம் இறங்கும் என்பதைக் கரையில் இருப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

2015-இல் மத்திய அரசு கடல் காற்றாலைக் கொள்கையை அறிவித்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனம் இதற்கான பொறுப்பு அமைப்பு. குஜராத் கரையும் தமிழ்நாட்டின் தென்கரையும் பொருத்தமான இடங்களாக முதலில் தேர்வாயின. கடல் தரையைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023-இல் வந்தன. 2024 ஜூனில் ரூ.7,453 கோடி உதவித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதில் ரூ.6,853 கோடி, குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் அமைக்க. மீதி ரூ.600 கோடி, இரண்டு துறைமுகங்களை இதற்கேற்றபடி மேம்படுத்த. தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு 2024-இல் விடப்பட்ட டெண்டர் அடுத்த ஆண்டே ரத்தானது. ஆக, குமரிக் கடலில் இன்னும் ஒரு தூண்கூட இறங்கவில்லை. கேள்வி கேட்க இதுதான் சரியான நேரம்.

முப்பந்தலில் போட்ட அடித்தளத்துக்கும் கடலில் போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

தரையில் குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றினால் முடிந்தது. ஜேசிபியும் கலவை லாரியும் போதும். கடலில் குழி நிற்காது, கான்கிரீட் ஊற்றக் காத்திருக்க முடியாது. அதனால் முழு அடித்தளத்தையும் கரையிலேயே செய்துகொண்டு போய் ஒரே பொருளாக இறக்க வேண்டும். இயந்திரங்களும் மிகப் பெரியவை. முப்பந்தலின் பழைய காற்றாலைகள் சில நூறு கிலோவாட் திறன் கொண்டவை. இப்போது கடலுக்கென்று வரும் இயந்திரம் 15 மெகாவாட். அதன் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 236 மீட்டர். அதைத் தாங்கும் அடித்தளம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடித்தளத்தில் எத்தனை வகை?

கடலில் முதல் காற்றாலைப் பண்ணை டென்மார்க்கின் வின்டெபி, 1991-இல் வந்தது. 11 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட். அங்கே கான்கிரீட் அடித்தளத்தைக் கடல் தரையில் உட்கார வைத்தார்கள். எடையாலேயே நிற்பதால் இதை எடை அடித்தளம் எனலாம். இந்த முறை இன்னும் வழக்கத்தில் உண்டு. பிரான்சின் ஃபேகாம்ப் பண்ணைக்கு ஒவ்வொன்றும் 5,000 டன் வரை எடையுள்ள 71 கான்கிரீட் அடித்தளங்களை லெ ஆவ்ர் துறைமுகத்தில் வார்த்துக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

உலகில் மிக அதிகமாகப் போடப்படுவது மோனோபைல். தடித்த எஃகுத் தகடுகளை உருட்டிப் பற்றவைத்துச் செய்த ஒற்றைக் குழாய்த் தூண் இது. விட்டம் 8 முதல் 10 மீட்டர், எடை 1,000 டன்னிலிருந்து 2,000 டன்னுக்கு மேல். நீளம் 80 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. குமரிமுனையில் நிற்கும் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது 40 மீட்டர் சொச்சம். அதைப்போல இரண்டு மடங்கு நீளமுள்ள குழாயைக் கடலில் நிமிர்த்தி, அதில் கணிசமான பகுதியைத் தரைக்குள் இறக்குகிறார்கள்.

ஆழம் கூடினால் ஜாக்கெட். மும்பை ஹை எண்ணெய்த் தளங்களில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும்: மூன்று அல்லது நான்கு கால்களோடு குழாய்களால் பின்னிய கோபுரம். கால்களைத் தரையில் நிறுத்த மெல்லிய தூண்களை அடிக்கலாம், அல்லது உறிஞ்சு வாளிகளைப் பொருத்தலாம்.

உறிஞ்சு வாளி என்பது அடிப்பக்கம் திறந்த பெரிய எஃகு உருளை. தரையில் வைத்ததும் சொந்த எடையில் கொஞ்சம் புதையும். அப்புறம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவார்கள். உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்கடலின் அழுத்தமே அதைக் கீழே தள்ளும். சுத்தியல் இல்லை, பேரிரைச்சல் இல்லை. எடுக்க வேண்டுமானால் தண்ணீரைத் திரும்ப உள்ளே செலுத்தினால் மேலே வரும். ஸ்காட்லாந்தின் சீக்ரீன் பண்ணையில் 114 இயந்திரங்களும் இப்படி வாளிக்கால் ஜாக்கெட்டில்தான் நிற்கின்றன. அங்கே ஆழம் 59 மீட்டர் வரை, நம் கணக்கில் 32 பாகம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் மணலோ களிமண்ணோ இருந்தால்தான் நடக்கும், பாறையில் நடக்காது.

அவ்வளவு பெரிய தூணைக் கடலுக்குள் எப்படி இறக்குகிறார்கள்?

முதலில் கப்பல் மேல்தளத்தில் படுக்க வைத்துக் கொண்டுவருவார்கள். சில இடங்களில் இரு முனைகளையும் அடைத்து மிதக்கவிட்டு இழுவைப் படகால் இழுத்து வருவதும் உண்டு. இடத்துக்கு வந்ததும் தூணின் அடிமுனையை ஒரு கீல் சட்டத்தில் மாட்டி, மேல்முனையைக் கிரேன் தூக்கும். படுத்திருந்த தூண் மெல்ல நிமிரும். காற்று சற்று ஓங்கினாலும் இந்தக் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

நிமிர்ந்த தூணைக் கப்பலின் ஓரத்தில் உள்ள கிரிப்பர் பிடித்துக்கொள்ளும். இது தூணைச் சுற்றி மூடும் எஃகு வளையம். உள்ளே ஹைட்ராலிக் உருளைகள் இருக்கும். மிதக்கும் கப்பலாக இருந்தால், கப்பல் ஆடினாலும் தூண் ஆடாதபடி கிரிப்பர் எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டும். முழுத் தூணும் செங்குத்திலிருந்து அரை டிகிரிகூடச் சாயக் கூடாது என்பதே வழக்கமான வரம்பு. பிறகு சரிசெய்ய வழியில்லை என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் அளந்துகொண்டே இருப்பார்கள்.

தூண் தன் எடையிலேயே தரைக்குள் சில மீட்டர் போகும். அதற்கு மேல் ஹைட்ராலிக் சுத்தியல். உருளைக்குள் இருக்கும் எஃகுப் பாளத்தை எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தி, தூணின் தலையில் உள்ள பட்டறைக்கல்லில் விழவைக்கும் இயந்திரம் இது. பெரிய சுத்தியல்கள் ஒரு அடிக்கு 4,000 கிலோஜூலுக்கு மேல் தரும். 200 டன் எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். ஒரு தூணுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் விழும், பல மணி நேரம் ஆகும்.

இதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, தரைக்குள் மிருதுவான அடுக்கு வந்தால் தூண் திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கும். சுத்தியலும் கிரேன் கயிறும் கூடவே இழுபடும். இன்னொன்று, கடினமான அடுக்கில் மாட்டி மேலும் இறங்க மறுப்பது. இரண்டுமே முன்கூட்டிய தரை ஆய்வின் தரத்தைப் பொறுத்தவை.

அடித்து முடித்த பிறகு தூணைச் சுற்றி நீரோட்டம் மணலை அரித்துக் குழி பறிக்கும். அதைத் தடுக்க, கல் இறக்கும் கப்பல் நீண்ட குழாய் வழியாகக் கற்களைத் தரையில் பரப்பும். எத்தனை மீட்டர் அகலத்துக்குக் கல் பரப்புகிறார்கள் என்று மீனவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் இழுவலை மாட்டக்கூடிய இடம் அது.

ஜாக்-அப் கப்பல் என்றால் என்ன? எல்லா வேலைக்கும் அதுதானா?

நான்கோ ஆறோ நீண்ட கால்களைக் கடல் தரையில் ஊன்றி, தன் உடலையே அலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும் கப்பல். தூக்கிய பிறகு அது தரைமேல் நிற்பதுபோல ஆடாமல் நிற்கும். காற்றாலைத் தலையையும் இறக்கையையும் பொருத்த அந்த நிலைத்தன்மை வேண்டும். ஜான் டி நுல் நிறுவனத்தின் வோல்டேர் என்ற ஜாக்-அப் 80 மீட்டர் ஆழம் வரை நிற்கும், 3,000 டன்னுக்கு மேல் தூக்கும்.

அடித்தளம் இறக்கும் வேலையில் மிதக்கும் கிரேன் கப்பல்கள் அதிகம் வந்துவிட்டன. காலை ஊன்றி எடுக்கும் நேரம் மிச்சமாகும். டீம் நிறுவனத்தின் ஒரையன் அப்படிப்பட்டது: நீளம் 216 மீட்டர், கிரேன் 5,000 டன். நங்கூரம் போடாமல், செயற்கைக்கோள் இடங்காட்டியைக் கொண்டு தள்ளுவிசிறிகளைத் தானாகவே இயக்கி ஒரே இடத்தில் நிற்கும்.

நம் கடலுக்கு எது ஏற்றது? ஜாக்-அப் காலை ஊன்றும்போதும் எடுக்கும்போதும் அலை பொதுவாக ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். மேடு பள்ளமான பாறைத் தரையில் கால் சமமாக உட்காராது. மிதக்கும் கப்பலுக்குக் கால் பிரச்சினை இல்லை, ஆனால் நீண்ட அலை அதை ஆட்டும். நம் கரையில் இரண்டும் உண்டு.

எங்கள் கடலில் பார் (கடலடிப் பாறைத் திட்டு) அதிகம். பாறையில் தூண் இறங்குமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மீனவர்கள். மிகச் சரியான கேள்வி. விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் நிற்கும் பாறையும் வெளியே தெரிபவை. தண்ணீருக்குள் கிடக்கும் பார்களைக் கரையின் தேவாலயக் கோபுரத்தையும் மலையுச்சியையும் அடையாளம் வைத்துத் துல்லியமாகச் சொல்லும் மூத்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

பாறையில் சுத்தியல் மட்டும் போதாது. அடித்து, துளைத்து, மறுபடி அடித்து இறக்க வேண்டும். தூணுக்குள் பெரிய துளைப்பான் இயந்திரத்தை இறக்கிப் பாறையை அரைத்து எடுப்பார்கள். அல்லது தூணைவிட அகலமான துளை போட்டு, தூணை இறக்கி, இடைவெளியில் சிமென்ட் கலவையைச் செலுத்துவார்கள். பிரான்சின் சென் நசேர் பண்ணையில், 80 இயந்திரங்களுக்கான தூண்களைப் பாறைத் தரையில் இப்படித் துளைத்துத்தான் நிறுத்தினார்கள். செலவும் நாட்களும் கூடும். அரைத்த பாறைத்தூள் நீரில் கலங்கும். அந்தத் தூளை எங்கே விடுவார்கள் என்பது திட்ட அறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன் ஒலியலைக் கருவியால் தரையின் வரைபடம் எடுப்பார்கள், ஆய்வுக் குழாய் இறக்கி மண் மாதிரி எடுப்பார்கள், கூம்பு முனைக் கருவியை அழுத்தி அடுக்கின் வலிமையை அளப்பார்கள். ஒவ்வொரு தூண் இடத்துக்கும் தனி ஆய்வு தேவை, ஐம்பது மீட்டர் தள்ளினால் தரை வேறாக இருக்கலாம். ஆய்வுக் கப்பலில் உள்ளூர் மீனவர் ஒருவர் இருந்தால் பல நாள் வேலை மிச்சமாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்த மாதத்தில் வேலை நடக்கும்? மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லையே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்காது. நம் மாவட்டத்தில் தடைக்காலம் இரண்டாகப் பிரிகிறது. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மணக்குடியிலிருந்து நீரோடி வரை மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும். காற்றாலைக்கு நல்ல மின்சாரம் தரும் அதே காற்று கிரேனை நிறுத்திவிடும்.

கப்பல் வேலை செய்யக்கூடிய அமைதியான காலம் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போகும் காலமும் அதுதான். இருவரும் ஒரே நாட்களைக் கேட்பார்கள். திட்டத்தில் மிகவும் நெருடலான இடம் இது என்பது என் கருத்து. எந்தப் பகுதியில் எந்த வாரம் வேலை என்ற அட்டவணையை ஊர்க் கமிட்டிகளோடும் மீனவர் சங்கங்களோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமல் ஒரு தூணையும் தொடக் கூடாது. கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஏப்ரல் பின்பாதியிலும் மே முதல்பாதியிலும் சிறிது இடம் கிடைக்கலாம்.

அதிலும் கள்ளக்கடல் இருக்கிறது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த புயலிலிருந்து கிளம்பிய நீண்ட அலை நம் கரையை முட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு எச்சரிக்கை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் குறைவாக இருந்தாலும் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 15 விநாடிக்கு மேல் இடைவெளி இருப்பதால், பெரிய கப்பலையும் அது மெதுவாகத் தூக்கித் தாழ்த்தும். தரையில் ஊன்றவிருக்கும் ஜாக்-அப் காலுக்கும் கிரேனில் தொங்கும் தூணுக்கும் அது நல்லதல்ல. ஐரோப்பாவின் வட கடலில் அனுபவப்பட்ட கப்பல் என்பதற்காக நம் கடலுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுத்தியல் சத்தம் மீனை விரட்டுமா?

அடிக்கும் நேரத்தில் விரட்டும். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், வெகுதூரம் கேட்கும். பக்கத்தில் இருக்கும் மீனுக்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) காயமே ஏற்படலாம். ஜெர்மனியில் சட்டப்படி, 750 மீட்டர் தூரத்தில் ஒரு அடியின் ஒலி அளவு 160 டெசிபலைத் தாண்டக் கூடாது.

அதை எட்ட அவர்கள் கண்ட வழி குமிழித் திரை. துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றித் தரையில் பெரிய வட்டமாகப் போட்டு, தனிக் கப்பலில் உள்ள கம்ப்ரசர்களால் காற்றைச் செலுத்துவார்கள். மேலே எழும் குமிழிச் சுவர் ஒலியைச் சிதறடிக்கும். சில இடங்களில் இரண்டு வட்டம் போடுவார்கள். கூடவே, முதல் சில நிமிடங்கள் மெல்ல அடித்து உயிரினங்கள் விலக நேரம் கொடுப்பதும் வழக்கம். அடிக்காமல் அதிர்வால் இறக்கும் கருவியும் உண்டு, சத்தம் குறைவு.

பக்கத்திலேயே மன்னார் வளைகுடா இருக்கிறது. தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட இடம், கடல்பசு வாழும் கடல். தெற்கே வாட்ஜ் பேங்க், நம் கணவாய் மீனுக்கும் ஆழ்கடல் மீனுக்கும் பெயர்போன மேடு. இப்படிப்பட்ட கடலில் குமிழித் திரை டெண்டரிலேயே கட்டாய நிபந்தனையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் கட்டாயமாக்கிய பிறகுதான் கருவி வளர்ந்தது, விலையும் கட்டுக்குள் வந்தது. துளையிட்ட குழாய்க்கும் கம்ப்ரசருக்கும் ஆகும் செலவு, மொத்தச் செலவில் சின்னப் பங்கு.

வேலை நடக்கும் இடத்தில் மீன்பிடிக்க முடியுமா?

பிரிட்டனில் கட்டுமானத்தின்போது வேலை நடக்கும் தூணைச் சுற்றி 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். வேலை நடக்காமல் பாதியில் நிற்கும் தூணுக்கு 50 மீட்டர். அங்கே வழக்கமாகச் செய்வது இது. நம் நாட்டில் என்ன தூரம், எத்தனை நாள், வலை இழந்தால் இழப்பீடு யார் தருவார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் இழுவலைப் படகுக்கும் ஒரே விதி பொருந்தாது.

குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ இந்தக் கப்பல்கள் வருமா?

வர வாய்ப்பில்லை. அடித்தளம் இறக்கும் கப்பலுக்கு ஆழமான நீரும், சதுர மீட்டருக்குப் பல டன் தாங்கும் தளமும், தூண்களை வரிசையாகப் படுக்க வைக்கப் பெரிய திடலும் வேண்டும். அந்தத் தகுதி தென்கோடியில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குத்தான் கைகூடும். சின்னமுட்டம், முட்டம் போன்ற மீன்பிடித் துறைமுகங்களுக்கு வேறு பங்கு வரலாம்: ஆட்களை ஏற்றி இறக்கும் சிறு படகுகள், காவல் படகுகள். அப்போது நம் விசைப்படகுகளுக்கு இடம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிடம் இப்படிப்பட்ட கப்பல் இருக்கிறதா?

கடல் காற்றாலைக்கென்றே கட்டிய கப்பல் இல்லை. எண்ணெய்த் துறைக்காக எல்டிஎஸ் 3000 என்ற 3,000 டன் கிரேன் கப்பல் உண்டு. ஜாக்கெட் செய்யும் திறமையும் நம்மிடம் உண்டு. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எண்ணெய்த் தளங்களுக்கு அவற்றைக் கட்டுகிறார்கள். தைவான் ஆரம்பத்தில் ஐரோப்பியக் கப்பல்களை நம்பியிருந்தது. பிறகு கிரீன் ஜேட் என்ற 4,000 டன் கிரேன் கப்பலைத் தன் நாட்டிலேயே கட்டிக்கொண்டது. 500 மெகாவாட்டுக்காக மட்டும் யாரும் கப்பல் கட்ட மாட்டார்கள், அடுத்தடுத்துத் திட்டம் வருமென்ற உறுதி இருந்தால்தான் கட்டுவார்கள்.

மிதக்கும் காற்றாலை வந்தால் இந்தச் சுத்தியல் எல்லாம் வேண்டாமா?

பெருமளவுக்கு வேண்டாம். 2017-இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய ஹைவிண்ட் பண்ணையில் 5 இயந்திரங்கள், 100 மீட்டர் அளவு ஆழத்தில் மிதக்கின்றன. உறிஞ்சு நங்கூரமும் சங்கிலியும் பிடித்து வைத்திருக்கின்றன. இயந்திரத்தைத் துறைமுகப் பகுதியிலேயே பொருத்தி இழுத்து வந்தார்கள். செலவு இன்னும் அதிகம். தவிர, சங்கிலிகள் தண்ணீருக்குள் வெகுதூரம் விரிவதால் வலைக்கு இது எளிது என்று சொல்ல முடியாது.

நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்? என்ன படிக்க வேண்டும்?

தடித்த தகடு பற்றவைக்கும் வெல்டர், பற்றவைப்பைச் சோதிப்பவர், கிரேன் ஓட்டுபவர், பாரம் கட்டித் தூக்கும் ரிக்கர், ஹைட்ராலிக் மெக்கானிக், நீரடி ரோபோ இயக்குபவர், மூழ்குநர், மாலுமி. ஐடிஐ, பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு ஏற்ற வேலைகள் இவை. வளைகுடாவிலும் மும்பை ஹையிலும் அனுபவம் பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம், அவர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். கப்பலில் ஏற, மாலுமிகளுக்கான பன்னாட்டு விதியான எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும், காற்றாலையில் ஏற, காற்றாலைத் துறையின் ஜிடபிள்யூஓ பாதுகாப்புப் பயிற்சியும் பொதுவாகக் கேட்பார்கள். திட்டம் உறுதியாகும் முன் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆயுள் முடிந்த பிறகு தூணை எடுப்பார்களா?

காற்றாலையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. வின்டெபியை 2017-இல் முழுவதும் பிரித்து எடுத்துவிட்டார்கள். மோனோபைலை முழுதாகப் பிடுங்குவது கடினம்; தூணுக்குள் கருவியை இறக்கி, மணல் கலந்த உயரழுத்த நீரால் கடல் தரைக்குச் சற்றுக் கீழே அறுத்து, மேல்பகுதியைத் தூக்கிவிடுவார்கள். அடிப்பகுதி மண்ணுக்குள் தங்கும். அரிப்பால் மணல் விலகி அந்த அறுபட்ட விளிம்பு பின்னாளில் வெளியே தெரிந்தால் வலை கிழியும். அதனால் எவ்வளவு ஆழத்தில் அறுப்பார்கள், அதற்கான பணத்தை முன்கூட்டியே வைப்பாக வைப்பார்களா, எடுத்த பிறகு தரையை யார் சோதிப்பார்கள் என்ற மூன்றையும் குத்தகை கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும்.